ஆறு முழம் ஜப்பான்

"ஐயோ... என்ரை மனிசன் செத்துப்போனார்!"

நாகேஸ்வரியின் அலறல் உரும்பிராய் ஒழுங்கைகளெல்லாம் சுற்றி ஓடியது. ஓடி வந்து, விதானை முத்துக்குமாருவின் கையிலிருந்த தேத்தண்ணி மூக்குப்பேணியைத் தட்டிவிட்டது.

சனிக்கிழமை. காலை ஏழு மணி. 1942 ஏப்ரல்.

கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டு இரண்டு கிழமைகூட ஆகவில்லை. யாராவது அலறினால் சனம் முதலில் வானத்தைத்தான் பார்க்கும்.

முத்துக்குமாரு வானத்தைப் பார்க்கவில்லை. முப்பது வருடம் இந்த ஊருக்கு விதானையாய், அரசாங்கத்தின் தலைமைக்காரனாய் இருந்த மனிதர். உரும்பிராயில் ஆபத்து மேலேயிருந்து வந்ததை அவர் கண்டதில்லை. பக்கத்து வளவிலிருந்து வந்ததைத்தான் கண்டிருக்கிறார்.

சால்வையைத் தோளில் எறிந்துகொண்டு நடந்தார். ஓடவில்லை.

பிணம் எங்கே எழும்பிப் போகப்போகிறது?

வீட்டின் அறைக்கதவு திறந்து கிடந்தது. கொளுக்கி பிடுங்கப்பட்டுத் தொங்கியது. உள்ளே நிலத்தில் ஒரு பாயளவு பெரிய கடதாசி விரித்திருந்தது. அதன்மேல் குப்புறக் கிடந்தார் நமசிவாயம்.

நாற்பது வயது. லண்டனில் படித்தவர். டோக்கியோவில் மூன்று வருடம் இருந்தவர். ஜப்பான்காரனின் பழைய சரித்திரத்தையும், அவன் முந்திக் கீறிவைத்த நாட்டுப் படங்களையும் ஆராய்ந்து 'டாக்டர்' பட்டம் வாங்கியவர். அந்தப் பட்டத்தோடு ஊருக்கு வந்த கிழமை, இருமலோடு மூன்று பேரும் மூலவியாதியோடு ஒருவரும் அவரைத் தேடி வந்தார்கள். மருந்து இல்லை, படம்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

முத்துக்குமாரு குனிந்தார். மூக்கடியில் விரலை வைத்தார்.

சூடு... மூச்சு!

"செத்தவன் மூச்சு விடமாட்டான் பிள்ளை. போய்த் தண்ணி கொண்டா."

நாகேஸ்வரி செம்போடு ஓடி வந்தாள். நாலு துளி முகத்தில் பட்டதும் பிணம் துள்ளி எழும்பியது.

"படம் நனையுது... தள்ளிப் பிடி... படம் நனையுது..."

"உயிர் வந்திட்டுது" என்றார் முத்துக்குமாரு. "புத்திதான் இன்னும் வரேல்லை. என்ன தம்பி நடந்தது?"

நமசிவாயம் நனைந்த மூலையை வேட்டித் தலைப்பால் ஒற்றினார்.

"எல்லையை மாத்திப்போட்டாங்கள் விதானையார்."

முத்துக்குமாருவின் முதுகு நிமிர்ந்தது. உரும்பிராயில் அந்தச் சொல்லைக் கேட்டால் செத்த விதானையும் எழும்பி உட்காருவான்.

"எந்த எல்லையை?"

"ஜப்பானிலை... ரெண்டு ஊருக்கு நடுவிலை."

"ஜப்பானிலை எல்லை மாறினதுக்கு நீர் ஏன் காணும் இஞ்சை மயங்கி விழுறீர்?"

நமசிவாயம் கடதாசியைக் காட்டினார். மலை, வயல், மரம், வட்டமாக நீலத்தில் ஒரு குளம். இடையிடையே பூச்சி ஊர்ந்ததுபோல எழுத்து. சில எழுத்து நேராய்க் கிடந்தது, சில எழுத்து தலைகீழாய்க் கிடந்தது.

"இருநூத்தைம்பது வருசத்துக்கு முந்தின படத்தின்ரை படி இது. மலையடியிலை ரெண்டு ஊர். நடுவிலை ஒரு புல்லுக்காணி. ஆருடைய புல்லு எண்டு வழக்கு. நீதவான்மார் படத்தை நிலத்திலை விரிச்சுச் சுத்தியிருந்து வழக்கு விளங்கினவை. விளங்கிப்போட்டு, குளத்திலையிருந்து அந்த மரம் வரைக்கும் தடிப்பாய் ஒரு கறுப்புக் கோடு கீறினவை. அதுதான் தீர்ப்பு."

"புல்லுக்கு வழக்காடினவங்களோ?" முத்துக்குமாருவுக்கு முதல்முறையாக ஜப்பான்காரர் மேல் ஒரு மரியாதை வந்தது. "எங்கடை ஆக்கள் போலை கிடக்கு."

"அந்தக் கோடு நேர்கோடு விதானையார். பதினொரு மாதம் ஒரு பழைய கட்டிடத்துக்குள்ளை குந்தியிருந்து மயிரிழை பிசகாமல் படியெடுத்தனான். இப்ப பாருங்கோ."

பார்த்தார். நேர்கோட்டின் நடுப்பகுதியை யாரோ பிளேட்டால் சுரண்டியிருந்தான். கடதாசி அந்த இடத்தில் பஞ்சுபோல எழும்பி நின்றது. பக்கத்தில் புதிதாய் ஒரு கோடு, வயிறு வைத்ததுபோல வளைந்து போனது. நமசிவாயத்தின் தூரிகையும் மைக்கல்லும் கீழே கிடந்தன.

"திங்கட்கிழமை இவரைக் கொழும்புக்குக் கூப்பிட்டிருக்கினம் ஐயா" என்றாள் நாகேஸ்வரி. "சர்வகலாசாலையிலை விரிவுரையாளர் வேலை. இந்தப் படத்தைத்தான் விரிச்சுக் காட்டவேணும். இந்த வேலை தப்பினால் இவர் பதினைஞ்சு வருசம் படிச்ச படிப்புக்கு இலங்கையிலை வேறை வேலை இல்லை."

"ஜப்பான்காரன் வந்தால் கிடைக்கும்."

"அதைப் பொலிசுக்கு முன்னாலை சொல்லிப்போடாதேங்கோ."

பொலிஸ்...

கதவை உடைத்தால் குற்றம். குற்றத்தைப் பொலிசுக்கு அறிவிப்பது விதானையின் கடமை. முத்துக்குமாருவுக்குப் பொலிசிலும் நம்பிக்கை இல்லை, படித்தவனிலும் நம்பிக்கை இல்லை. ஆனால் கடமை என்றால் கடமை. சைக்கிளில் ஆள் அனுப்பினார்.

அதுதான் அவர் விட்ட பிழை.

* * *

பத்து மணிக்குப் பட்டணத்திலிருந்து கறுத்தக் கார் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் கனிசியஸ் இறங்கினார். குருநகர் மனிதர். இறுகக் கட்டிய பெல்ட், இறுகிய முகம். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்.

உடைந்த கொளுக்கியைப் பார்த்தார். தலையாட்டினார்.

படத்தைப் பார்த்தார்.

தலையாட்டவில்லை.

"இது என்ன பாசை?"

"ஜப்பான் பாசை ஐயா" என்றார் நமசிவாயம். கேட்டால் பதில் சொல்லியே பழகிய மனிதர்.

கான்ஸ்டபிள்மார் இருவரும் ஒரே நேரத்தில் வாசலை மறித்து நின்றார்கள்.

"ஆர் கீறினது?"

"நான்தான் ஐயா."

"எங்கை படிச்சனீர்?"

"டோக்கியோவிலை."

முத்துக்குமாரு கண்ணை மூடிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாதவனுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு?

இன்ஸ்பெக்டர் முழங்காலில் இருந்து புதுக் கோட்டைச் சுண்டுவிரலால் தொட்டார். விரலில் கறுப்பு ஒட்டியது.

"பழைய படம் எண்டு சொல்லுறீர். மை இன்னும் சரியாய்க் காயேல்லை. நேத்துக் கீறின வழி இது. இந்த நீலம் தொண்டைமானாறு... இந்த மரம் உரும்பிராய்ச் சந்தி. கடலாலை இறங்குறவன் எப்பிடி வளைஞ்சு வரவேணுமெண்டு காட்டியிருக்குது."

"ஐயா, அது குளம்."

"குளம் எண்டு நீர் சொல்லுறீர்."

"அது ஜப்பானிலை இருக்கிற குளம்."

"அதைத்தான் நானும் சொல்லுறன் மிஸ்டர் நமசிவாயம். எல்லாம் ஜப்பான்."

களவு போன கதை அந்த இடத்தோடு காணாமல் போய்விட்டது. வீடு உடைக்கப்பட்டவன் இப்போது நாட்டை உடைக்க வந்தவன் ஆகிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் எழும்பினார்.

"நான் பட்டணம் போய்க் கொழும்போடை போனிலை கதைக்கவேணும். நாலு மணிக்கு வருவன். வரேக்கை வேறை ஆள்தான் இந்தக் கோட்டைக் கீறினதெண்டு ஆரும் காட்டினால் சரி. இல்லாட்டி இவரையும் படத்தையும் கொண்டுபோவன். சண்டைக் காலம். உளவுக்கு என்ன தண்டனை எண்டு தெரியும்தானே?"

தெரியும். நாகேஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு கான்ஸ்டபிளை வாசல் படலையில் நிறுத்திவிட்டுக் கார் போனது.

* * *

முத்துக்குமாரு வீட்டுக்குப் போகவில்லை.

போக மனம் வரவில்லை. கொளுக்கி உடைந்ததோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்த மனிதன் நாளை ரயில் ஏறியிருப்பான். களவு கொடுத்தவனுக்குத் தூக்குக் கயிறு தேடிக் கொடுத்தது தான்தான்.

அறைக்குள் போய்ப் படத்துக்குப் பக்கத்தில் குந்தினார். எழுத்து விளங்கவில்லை. மலை விளங்கவில்லை. கோடு மட்டும்...

கோட்டைப் பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார்.

"தம்பி, இஞ்சை வாரும். கோடு தொடங்குற இடம் மாறியிருக்கோ?"

"இல்லை. குளத்தடியிலை அப்பிடியே கிடக்கு."

"முடியிற இடம்?"

"மரத்தடி. அதுவும் மாறேல்லை. நடுதான்..." நமசிவாயம் சட்டென்று பெருமூச்சு விட்டார். "இது ஒரு பெரிய கேள்வி விதானையார். நான் ஜப்பானிலை இப்பிடி நாப்பத்திரெண்டு எல்லை வழக்குப் பாத்தனான். நாப்பத்திரெண்டிலும் ரெண்டு தொங்கலிலும் சண்டை இல்லை. சண்டை முழுக்க நடுவிலைதான். ஏனெண்டு லண்டனிலை கேட்டவை. ஆறு திசை மாறியிருக்கும், மண் சரிஞ்சிருக்கும் எண்டு நாப்பது பக்கம் எழுதினன். அவைக்குத் திருப்தி இல்லை. திங்கட்கிழமையும் உதைத்தான் கேப்பினம்."

முத்துக்குமாரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாப்பது பக்கமோ?"

"ஓம்."

"நீர் ஒரு நாளெண்டாலும் வேலி அடைச்சிருக்கிறீரோ?"

"இல்லை."

"அதுதான். தொங்கலிலை குளம் நிக்கும், மரம் நிக்கும். அதை நகர்த்தேலாது. நடுவிலை நிக்கிறது வெறும் கதியால் தடி. அதைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி ஊண்டினால் அதுக்கு வாயே இருக்குது சொல்ல? வருசத்துக்கு ஒரு சாண். பத்து வருசத்திலை வேலி பிள்ளைத்தாச்சி மாதிரி வயிறு வைச்சு நிக்கும். உதுக்கு ஆறு ஏன் திசை மாறவேணும்?"

நமசிவாயம் மேசையில் பென்சிலைத் தேடினார்.

"பிறகு எழுதலாம். இப்ப உயிரைப் பாரும். இந்தக் கோட்டைக் கீறினவன் உளவாளி இல்லை. வேலி தள்ளிப் பழகின கை இது. இந்தக் கையை எனக்கு முப்பது வருசமாய்த் தெரியும். உம்மடை வளவுக்கு ஆர் ஆர் எல்லை?"

"கிழக்காலை சிவக்கொழுந்தக்கா. மேற்காலை பொன்னம்பலத்தார்."

"இந்தப் படம் எப்ப விரிச்சது?"

"வியாழக்கிழமை. வெளிச்சத்துக்கு யன்னல் திறந்து வைச்சிருந்தனான். நேத்துக் காலமை நல்லூருக்கு ஒரு செத்தவீட்டுக்குப் போனம். பொழுதுபட வந்தம். அறைப்பக்கம் இண்டைக்குக் காலமைதான் போனன்."

"அதுக்கு முன்னம் வளவுக்குள்ளை ஏதும் செய்தனீரோ?"

"ஒண்டும் செய்யேல்லை. கயிறு பிடிச்சு அளந்தன், அவ்வளவுதான்."

"எதை?"

"வேலியை. ரெண்டு பக்கமும். ஜப்பான்காரர் முடிச்சுப் போட்ட கயிறாலைதான் காணி அளக்கிறவை. அதிலை எவ்வளவு பிழைக்குதெண்டு பாத்தன்."

முத்துக்குமாரு தலையில் அடித்துக்கொண்டார்.

உரும்பிராயில் ஒருவன் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போகலாம். ஏனென்று கேட்க ஆள் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நடந்தால்... அன்றிரவு அந்த வேலிக்கு இரண்டு பக்கத்திலும் ஒருவரும் நித்திரை கொள்ளமாட்டார்கள்!

"வேலியை அளந்தனீர். அதுக்குப் பிறகு உள்ளை வந்து, யன்னலைத் திறந்து வைச்சு, காணி மாதிரி ஒரு படம் விரிச்சு, நடுவிலை கறுப்புக் கோடும் காட்டினனீர். வேறை என்ன நினைப்பான் தம்பி? வழக்குப் போடக் கோட்டுக்குப் போகப் படம் கீறுறீர் எண்டுதான் நினைப்பான்."

"ஆனால் அது ஜப்பான்..."

"எழுத்துத் தெரிஞ்சவனுக்குத்தான் ஜப்பான். வேலிக்காரனுக்கு எல்லாம் வேலி."

* * *

நாலு அடிக்க ஐந்து நிமிடம். கார் வந்து நின்றது.

"கொழும்பிலையிருந்து சொல்லிப்போட்டினம்" என்றார் இன்ஸ்பெக்டர். "இரவு மெயில் ரயிலிலை கொண்டுவரட்டாம். ஆள் ஆரும் அம்பிட்டதோ விதானையார்?"

"அம்பிடும். ஐயா பத்து நிமிசம் உந்த அறைக்குள்ளை இருந்தால்."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டுத்தான் ஐயா. தோத்தால் இவரைக் கொண்டுபோங்கோ. படத்தைச் சுருட்டிக் காருக்குள்ளை நானே வைச்சுத் தாறன்."

கனிசியஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டார்.

விறாந்தையில் படம் விரிக்கப்பட்டது. நமசிவாயம் ஒரு மூலையில் நின்றார். அவருக்கு முத்துக்குமாரு கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான்... வாயைத் திறக்கக் கூடாது. லண்டன் சோதனையைவிட அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆள் அனுப்பியபடி அயல் வளவுக்காரர் இருவரும் வந்தார்கள். சிவக்கொழுந்து முன்னுக்கு வந்தாள். விதவை, அறுபது வயது, நாக்குக்கு இருபது வயது. பின்னால் பொன்னம்பலம். புகையிலைக் கமக்காரன். நெற்றி நிறைய விபூதி, முகம் நிறையச் சாந்தம்.

"கூப்பிட்டனீங்களாம் முத்துக்குமாரு அண்ணை" என்றான் பொன்னம்பலம். "டாக்குத்தர் வீட்டை ஏதோ களவாம். பாவம்."

"களவு கிடக்கட்டும். இது காணி விசயம். இந்தப் படம் கொழும்புக்குப் போகப்போகுது. பெரிய ஆக்கள் பாக்கப்போகினம். அதுக்கு முன்னம் எல்லைக்காரர் பாத்து, கோடு சரியோ பிழையோ எண்டு சொல்லவேணும். சிவக்கொழுந்து, நீ முதல் சொல்லு."

சிவக்கொழுந்து படத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். எதிர்ப்பக்கமாக இன்னொருமுறை நடந்தாள்.

"இதிலை என்ரை வீடு எங்கை?"

"அதைத்தான் நீ சொல்லவேணும்."

"கோழி கிண்டின மாதிரிக் கிடக்கு. கீறினவனுக்கே இது என்னெண்டு விளங்குமோ தெரியாது. இதைப் பாக்கவே என்னை அடுப்படியிலையிருந்து கூப்பிட்டனீங்கள்?"

மூலையில் நமசிவாயம் நெளிந்தார்.

"பொன்னம்பலம், உமக்கு?"

பொன்னம்பலம் சுற்றி நடக்கவில்லை. சால்வையை ஒதுக்கிக்கொண்டு நேரே குந்தினான்.

"ஏன் விளங்காது? பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும். இந்த நீல வட்டம் எங்கடை பங்குக் கிணறு. இந்த மரம் என்ரை கறுத்தக்கொழும்பான் மாமரம். கிணத்தடியிலையிருந்து மாமரத்தடிக்குப் போறது எனக்கும் டாக்குத்தருக்கும் நடுவிலை இருக்கிற வேலி."

"கோடு எப்பிடி?"

"அருமையான கோடு. கண்ணிலை ஒத்தலாம். கீறினவர் நீதியான மனிசனாய்த்தான் இருக்கவேணும்."

"வளைஞ்செல்லோ கிடக்கு?"

"வேலி எண்டால் வளையும் அண்ணை. முந்தி நேராய்க் கிடந்ததுதான் பிழை."



முத்துக்குமாரு வெற்றிலையை மெதுவாக மடித்தார்.

"முந்தி நேராய்க் கிடந்ததெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

பொன்னம்பலத்தின் சாந்தம் நெற்றியிலிருந்து வழிந்து இறங்கியது. விபூதியும் கூடவே இறங்கியது.

"இல்லை... பொதுவாய்ச் சொன்னன்... படம் எண்டால் முதலிலை நேராய்த்தானே..."

அறைக்கதவு திறந்தது.

கனிசியஸ்!

"மிஸ்டர் பொன்னம்பலம், இந்தக் கோட்டை நீர்தான் கீறினீரோ?"

"ஐயா..."

"இது ஜப்பான் நாட்டுப் படம். எழுத்தைப் பாரும். ஜப்பான் படத்திலை புதுசாய் வழி கீறிக் குடுத்த ஆளைத் தேடித்தான் நான் வந்திருக்கிறன். அம்பிட்டால் தூக்கு."

பொன்னம்பலம் படத்தைப் பார்த்தான். பிறப்பில் முதல்தடவையாக அந்த எழுத்தை எழுத்தாகப் பார்த்தான். குந்தியிருந்தவன் அப்படியே பின்பக்கம் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா, சத்தியமாய் வழி இல்லை ஐயா. வேலி. வேலி ஐயா இது."

"ஜப்பானிலை உமக்கு என்ன வேலி?"

"எனக்கு ஜப்பான் எந்தத் திசையிலை கிடக்கெண்டும் தெரியாது. இந்த மனிசன் கயிறு பிடிச்சு அளந்தார். யன்னலாலை பாத்தால் வேலியைக் கீறி வைச்சிருக்கிறார். வழக்கெண்டு கோட்டுக்குப் போனால் பழைய காணி உறுதியெல்லாம் கிளறுவினம்... நேத்து அவை இல்லாத நேரம் உள்ளை வந்து கொஞ்சம் தள்ளிவிட்டன். ஒரு மனிசன் தன்ரை வேலியைத் தள்ளுறது உளவோ ஐயா?"

"கதவு உடைச்சது நீர்?"

"ஓம் ஐயா. களவெண்டு எழுதுங்கோ. உளவெண்டு எழுதாதேங்கோ."

கனிசியஸ் முத்துக்குமாருவைப் பார்த்தார். கொழும்புக்கு உளவாளி என்று போனில் சொன்ன மனிதர். வேலிக் கள்ளன் என்று எப்படித் திருப்பிச் சொல்வது? முகத்தில் அந்தக் கவலை அப்படியே தெரிந்தது.

"எழுத்திலை வேணும் விதானையார்" என்றார் கடைசியில். "இது வேலி, வேறை ஒண்டுமில்லை எண்டு தெளிவாய் எழுதி, சாட்சியோடை கையெழுத்து. அப்பதான் நான் டாக்டரை விடலாம்."

"எழுதுங்கோ அண்ணை" என்று பொன்னம்பலம் அவதிப்பட்டான். "கெதியாய் எழுதுங்கோ."

முத்துக்குமாரு எழுதினார். எழுதி, சத்தமாக வாசித்தார்.

"உரும்பிராயிலிருக்கும் கமக்காரன் பொன்னம்பலம் ஆகிய நான் சத்தியம் செய்து சொல்வதாவது. இப்படத்தில் என் கையால் கீறிய கறுப்புக் கோடு ஜப்பானியருக்கு வழி காட்டுவதற்காக அன்று. என் காணிக்கும் நமசிவாயத்தின் காணிக்கும் நடுவில், பங்குக் கிணற்றிலிருந்து மாமரம் வரைக்கும் உள்ள உண்மையான எல்லை அந்தக் கோடே ஆகும். இனி இதற்கு மாறாக நானோ என் சந்ததியோ வழக்காட மாட்டோம்."

பொன்னம்பலத்தின் காது விடைத்தது. உண்மையான எல்லை! தான் கீறிய கோடே எல்லை! பயத்தோடு பயமாக ஒரு சின்னச் சிரிப்பும் மீசைக்குள் வந்து போனது. தூக்கிலிருந்தும் தப்பி, காணியும் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

கையெழுத்து வைத்தான். நமசிவாயமும் சம்மதித்து வைத்தார். சாட்சிக்குச் சிவக்கொழுந்து பெருவிரல் வைத்தாள். இன்ஸ்பெக்டரும் வைத்தார்.

"மிஸ்டர் நமசிவாயம், நீர் போகலாம்" என்றார் கனிசியஸ். "நாளைக்கு ரயில் ஏறும். படத்தையும் கொண்டுபோம். வழியிலை ஆரும் கேட்டால் ஜப்பான் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேயும்."

நாகேஸ்வரி சுவரோடு சாய்ந்து அழுதாள். காலையில் அழுத அழுகை வேறு, இது வேறு.

நமசிவாயம் அழவில்லை. படத்துக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, புதுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"விதானையார்... ஒரு சின்னப் பிழை இருக்கு."

"வாயைத் திறக்கக்கூடாதெண்டு சொன்னனான்."

"இல்லை, சொல்லத்தான் வேணும். நீலவட்டம் கிணறு எண்டு எழுதியிருக்கிறியள். கிணறு வடக்கை இருக்கு. மரம் மாமரம். அது தெற்கை இருக்கு. அப்பிடியெண்டால் படத்திலை இந்தப் பக்கம்தான் மேற்கு. பொன்னம்பலத்தாரின்ரை காணி."

"ஓம். அதுக்கென்ன?"

"கோடு வயிறு வைச்சிருக்கிறது அந்தப் பக்கம்தான். அவரின்ரை காணிக்குள்ளை."

பொன்னம்பலத்தின் சிரிப்பு மீசைக்குள் நின்றது. நின்ற இடத்திலேயே செத்தது.

"அதெப்பிடி? நான் அங்காலை அல்லோ தள்ளினன். எப்பவும் அங்காலைதான் தள்ளுறது."

"அங்காலைதான் தள்ளினீர்" என்றார் முத்துக்குமாரு. "எங்கை நிண்டு தள்ளினீர்? நீர் படத்தைப் பாத்த யன்னல் உம்மடை வளவுப் பக்கம் கிடக்குது, மேற்காலை. நீர் உடைச்சு உள்ளிட்ட கதவு கிழக்காலை. கதவடியிலை குந்தினால் படத்திலை அது இவரின்ரை காணிப் பக்கம். அதிலை குந்திக்கொண்டு அங்காலை தள்ளினால் எங்கை போகும்? கைக்குப் பழக்கம். புத்தி கூடப் போகேல்லை."

வாசலில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார். கிணற்றிலிருந்து மாமரம் வரைக்கும் வைத்து முறித்தார். அதைப் பத்தாய் மடித்து, வயிறு வைத்த இடத்தில் வைத்துப் பார்த்தார்.

அச்சொட்டாய் இருந்தது.

"கிணத்தடியிலையிருந்து மாமரத்தடி அறுபது முழம். அப்ப இது ஆறு முழம். அந்த ஆறு முழத்துக்குள்ளை என்ன நிக்குது பொன்னம்பலம்?"

பொன்னம்பலம் சால்வையால் நெற்றியைத் துடைத்தான்.

சிவக்கொழுந்து வாயைத் திறந்தாள்.

"மாட்டுக்கொட்டில். ரெண்டு மாடும் ஒரு கண்டுக்குட்டியும்."

"பதினைஞ்சு வருசமாய் இவர் கப்பலிலை போய் வர, நீர் சாண் சாணாய்த் தின்னதும் ஆறு முழத்துக்குக் கிட்டத்தான் வரும்" என்றார் முத்துக்குமாரு. "கணக்குச் சரி. மாட்டை அவிட்டுக்கொண்டு போம். கொட்டிலைப் பிறகு பாப்பம்."

நமசிவாயம் கொப்பியைத் திறந்து விறுவிறென்று எழுதிக்கொண்டிருந்தார்.

"கோடு கீறினவன் எந்தப் பக்கம் இருந்தவன் எண்டு பாக்கவேணும்... நாப்பத்திரெண்டு வழக்கிலும் நான் அதைப் பாக்கேல்லை... படத்தைத் திருத்தாமல் இப்பிடியே கொண்டுபோறன். விதானையார், உங்கடை முழுப்பேர் என்ன? புத்தகத்திலை பக்கத்தின்ரை அடியிலை குறிப்பாய்ப் போடவேணும்."

"அடியிலை என்னத்துக்குப் போடுறீர்? போட்டால் மேலை போடும்."

இன்ஸ்பெக்டர் கனிசியஸ் தொப்பியை வாயில் வைத்து இருமினார். அது இருமல் இல்லை என்பது கான்ஸ்டபிளுக்குத் தெரியும்.

பொன்னம்பலம் படலையடி மட்டும் போனான். நின்றான். திரும்பினான். ஆயிரம் வழக்குக் கண்ட ஊரில் பிறந்தவன் அவ்வளவு சுலபமாய் விடுவானா?

"முத்துக்குமாரு அண்ணை... உந்தத் தீர்ப்புக்கு அப்பீல் எங்கை வைக்கிறது?"

முத்துக்குமாரு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஜப்பானிலை. சண்டை முடியட்டும், கப்பல் விடுவாங்கள்."